பந்தியில் வீசாத காற்று

வியர்வையைத் துடைப்பவள் போல இரண்டு விரல்களை முக்காட்டின் ஓரத்தில் வைத்து, ஒரு நூல் அகலத்துக்கு அதைத் தூக்கினாள் தெர்முத்தி. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நோன்னாவின் கைகள் தெரிந்தன. கைகள் மட்டும்தான். ஆளிச்செடித் தண்டுகளை நாருக்காக ஊறவைக்கும் தொட்டியிலேயே கிடந்து வெளுத்து, விரலிடுக்குகளில் வெடித்துப்போன பருத்த கைகள். அந்தக் கைகள் அன்று ஏற்கெனவே மூன்று ரொட்டிகளை நனைத்து முடித்திருந்தன. இப்போது கூடையிலிருந்து நான்காவதை எடுத்தன. நனைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தன. மேசையின் கோடியில் யாரோ தண்ணீருக்காகத் தட்டினார்கள். அந்தத் தட்டலோடு சேர்ந்து முழங்காலில் வைத்து ரொட்டியை இரண்டாக ஒடித்தாள் நோன்னா. ஒரு பாதி இடது சட்டைக்கைக்குள் போனது. மறுபாதி வலது சட்டைக்கைக்குள் போனது. பிறகு ஒன்றும் நடக்காதது போல அந்தக் கைகள் ஓர் ஒலிவக்காயை எடுத்தன.

தெர்முத்தி முக்காட்டை விட்டாள். அது பழையபடி மோவாய் வரை வந்து விழுந்தது. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அதைக் கோபம் என்றுதான் அவள் அப்போது எண்ணினாள். பிறகு யோசித்தபோது அது சந்தோஷமாக இருந்திருக்கக்கூடும் என்று பட்டது.

அந்தக் கிறித்தவ மடத்தில் நாற்பது பெண்கள். ஆற்றின் அக்கரையில் ஆண்களின் மடம். இவர்கள் நார் எடுத்து நூற்று நெய்து தைத்து அனுப்புவார்கள், அக்கரையிலிருந்து தானியமும் எண்ணெயும் படகில் வரும். ஆண்டுக்கு இரண்டு முறை ரொட்டி சுட்டு, கல்லாகும்வரை வெயிலில் காயவைத்து அடுக்கிவிடுவார்கள். ஒருநாளைக்கு ஒரே பந்தி, பிற்பகலில். பந்தியில் பேச்சு கிடையாது. உட்கார்ந்ததும் எல்லோரும் முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். தன் கிண்ணமும் தன் கைகளும்தான் தெரியவேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் மேசையை விரலால் தட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவள் இருப்பதை நகர்த்திவைப்பாள். அதிகம் தின்றவள் கூச வேண்டாம், குறைத்துத் தின்றவள் நிமிர வேண்டாம் என்று இந்த மடத்தைத் தொடங்கியவர்கள் வைத்துப்போன ஏற்பாடு. கடைசியில் மூத்த அம்மா ஒரே ஒருமுறை தட்டுவார். நாற்பது முக்காடுகளும் ஒன்றாக உயரும்.

தெர்முத்தி வந்து பதினான்கு வருடங்கள். முதல் வருடத்திலிருந்தே அவளுக்கு ஒருநாளைக்குப் பாதி ரொட்டிதான். பெரிய நோன்பு நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்தப் பாதி. ஒலிவக்காயைத் தொட்டதில்லை. நோயாளிகளுக்கு வரும் பாலாடைக்கட்டியை, அவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, தொட்டதில்லை. பதினான்கு வருடப் பட்டினி. அதை ஒருத்திகூடப் பார்த்ததில்லை. கடவுள் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கடவுள் யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்து அறைக்காரி அவளைப் பார்த்து, 'எவ்வளவு தின்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதே ஒனக்கு, வயித்துல பூச்சியா இருக்கும்' என்று ஒருமுறை அக்கறையாகச் சொன்னபோது, அன்றிரவு முழுக்க அவளுக்கு ஜெபத்தில் சங்கீத வரிகள் ஓடவில்லை. மூன்று நோன்புக்காலங்களுக்கு முன்புதான் முதன்முதலில் முக்காட்டைத் தூக்கினாள். வலப்பக்கம் இருந்த கிழவி தாபெஸ் இரண்டாவது ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நிம்மதி. அன்று பிரார்த்தனையில் அவள் குரல் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு விரல்கள் தாமாகவே போகத் தொடங்கின. வியர்வை துடைக்க, ஈ விரட்ட, முடி ஒதுக்க. யார் எத்தனை தின்றாலும் அவளுக்கு அது ஒரு கவளம் போல இறங்கியது. நோன்னா சென்ற வருடம் ஆற்றின் மேல்பகுதி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, அது விருந்தே ஆகிவிட்டது.

புதன்கிழமை மாலை எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். மூத்த அம்மா திதிமே படகுக்காரர் மகள். குள்ளம், இளைப்பு உண்டு, வார்த்தைகளை மூச்சு மூச்சாக உடைத்துத்தான் சொல்வார். வேதத்திலிருந்து நாலு வரி சொல்லிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

"பாரம் இருக்கறவங்க இங்கயே எறக்கி வச்சிட்டுப் போங்க. தூக்கிட்டுப் போயிப் படுத்தா முதுகுதான் வலிக்கும்."

தெர்முத்தி எழுந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாட்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். பொது ரொட்டியை ஒரு சகோதரி சட்டைக்கைக்குள் போட்டு எடுத்துப் போகிறாள் என்றாள். அவளுடைய ஆத்துமாவுக்காகத்தான் சொல்கிறேன், வேறொன்றுமில்லை என்றாள். பெயர் சொல்ல வேண்டி வருமே என்று அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் நோன்னா எழுந்து நின்றாள்.

"நான்தாம்மா. தப்புதான்."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. தெர்முத்தியைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்ப்பது போல இருந்தது.

"முக்காடு வெலகிருச்சாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு வாசல் இருந்தது. அம்மா வேண்டுமென்றே அதைத் திறந்துவைத்தாரா, அல்லது நிஜமாகவே கேட்டாரா என்பது தெர்முத்திக்கு இன்றுவரை தெரியாது. பந்தியில் தவறிக் கண்ணில் பட்டது கடவுள் காட்டியது, அதைச் சொல்லலாம். தேடிப் பார்த்தது திருட்டு. தேடிப் பார்த்தவள் சொல்லும் குற்றம் நிற்காது, அவள் குற்றம்தான் நிற்கும். இது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஆமாம்மா," என்றாள் தெர்முத்தி. "காத்து."

நோன்னாவின் அறையில், பாய்க்கு அடியில் ரொட்டிகள் இருந்தன. எல்லாமே பாதிகள். ஒன்றில்கூடப் பல்பட்ட தடம் இல்லை. இரண்டிரண்டாக, ஒடிந்த பக்கம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி, சுவர் ஓரமாக வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள். எதற்கு என்று அம்மா கேட்டார். தப்புதாம்மா என்பதையே நோன்னா திரும்பச் சொன்னாள். பொது ரொட்டியைத் தனக்கென்று சேர்த்துவைத்தவள் மடத்தில் இருக்க முடியாது. வந்தபோது உடுத்தியிருந்த துணியைக் கொடுத்துப் படகில் ஏற்றிவிடுவார்கள். அதை முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை அக்கரை ஆண்கள் மடத்துத் தலைவர் அப்பா பிஹோர் வரவேண்டும். பாதிகளைக் கூடையில் அள்ளி மறுபடி பண்டசாலையில் சேர்த்தார்கள். துணி அறை தெர்முத்தியின் பொறுப்பில் இருந்தது. அம்மா அவளைக் கூப்பிட்டு, நோன்னாவின் மூட்டையை எடுத்து வெயிலில் போட்டு வை, கிழிந்திருந்தால் தைத்து வை என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை நார் அடிக்கும் கொட்டகையில் எல்லோரும் வழக்கம்போல வேலை செய்தார்கள். யாரும் தெர்முத்தியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நார் சீவும் சீப்பு கேட்டால் சீப்பு கொடுத்தார்கள். தாபெஸ் கிழவிக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது. மற்ற கண்ணை நாரில் வைத்தபடி, கட்டையால் அடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்கு வயசாயிருச்சு, ஒடம்புல ஒணர்ச்சி இல்ல போல. பந்தி அறையில அந்தப் பக்கம் சன்னலே கெடையாது. ஒனக்கு மட்டும் எந்தப் பக்கத்துலேருந்து தாயி காத்து அடிச்சுது?"

இரண்டு மூன்று பேர் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி இருமினாள், சிரிப்பை அடக்கிய இருமல். தெர்முத்தி கையிலிருந்த நார்க்கற்றையைச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். சிக்கில்லாத கற்றை அது. அன்று பிற்பகல் பந்தியில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தபோது, அவள் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஆனாலும் முக்காட்டின் கீழ் இடுக்கில் வலப்பக்கம் ஓர் அசைவு தெரிந்தது. தாபெஸ் தன் கிண்ணத்தை நகர்த்தி, அதன்மேல் இடது கையைக் குடை போலக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கோழி தன் குஞ்சை மூடுவது போல.

பந்தி முடிந்து துணி அறைக்குப் போனாள். நாற்பது மூட்டைகளும் அலமாரியில் இருந்தன, அவரவர் பெயர் எழுதிய மரத்துண்டோடு. அவளுடையதும் இருந்தது, மேல்தட்டில், தூசியோடு. நோன்னாவின் மூட்டையைப் பிரித்தாள். ஒரே ஓர் அங்கி. அவள் ஊர்ப் பக்கத்துச் சிவப்புச் சாயம், முரட்டு நூல், அவசரத் தறி. நெய்கிறவள் கண்ணுக்குத் துணி பேசிவிடும். கழுத்தில் தேய்மானம் இல்லை. முழங்கையில் ஒட்டு போட்டிருந்தது. இடது பக்கம் இடுப்புக்குச் சற்றுக் கீழே ஓர் உள்ளங்கை அளவுக்குச் சாயம் போய், நூல் மெத்தென்று ஆகி, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து கருத்திருந்தது. வலது பக்கமும் அப்படி ஓர் இடம், ஆனால் அது இன்னும் கீழே, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில். எந்த வேலை செய்தால் துணி இப்படித் தேயும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். சுமை தூக்கினால் தோளில் தேயும். அரைத்தால் மடியில் தேயும்.

வாசலில் நிழல் விழுந்தது. அளவு பார்க்க அம்மா அனுப்பியதாகச் சொல்லி நோன்னா நின்றாள். அங்கியைக் கையில் வாங்கினாள். அவளுடைய இரண்டு கைகளும் நேராக அந்த இரண்டு இடங்களுக்குப் போய் நின்றன.

"புடிச்சுக்கிட்டேதான் நடப்பாங்க," என்றாள். "பெரியவன் இந்தப் பக்கம். சின்னவ அப்பதான் நடக்க ஆரம்பிச்சா, அவளுக்கு இவ்வளவுதான் எட்டும்."

ஆற்றில் வெள்ளம் வராமல் வயல் விளையாத வருடம் அது. தெர்முத்திக்கும் நினைவிருந்தது, அந்த வருடம் மடத்தில் ரொட்டியைச் சிறிதாகச் சுட்டார்கள். நோன்னா அங்கியை மடித்துக்கொண்டே, ஊறவைத்த தண்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். நகரத்துக் கோயிலில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் நடை. புருஷன் முன்பே போய்விட்டான்.

"கடைசில ஒரு ரொட்டி இருந்துச்சுக்கா. அதை நான் தின்னுட்டேன். நான் நடந்தாத்தான ரெண்டையும் தூக்கிட்டுப் போக முடியும்னு. அதுங்க பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க. அழுவல. சும்மா பாத்துச்சுங்க."

வெளியே யாரோ தறியில் பாவு கட்டிக்கொண்டிருந்தார்கள். நோன்னா மடித்த அங்கியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ரெண்டையும் தூக்கிட்டுத்தான் போனேன். போயிச் சேந்தப்ப நான் மட்டுந்தான் சேந்தேன். அப்பறம் எங்க போயி உக்காந்து தின்னாலும், எதுத்தாப்புல யாரு இருந்தாலும், தொண்டைல எறங்காது. இங்க வந்து மொதநாளு முக்காட்ட இழுத்து விட்டாங்க பாருங்க, அன்னிக்குத்தான் வயிறாரத் தின்னேன். யாரும் பாக்கலல்ல. இப்பக் கொஞ்ச நாளா, தின்னு முடிச்சப்பறம் அதுங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கணும்போல இருந்துச்சு."

தெர்முத்தி ஊசியில் நூல் கோக்க முயன்றாள். ஊசிக்கண் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா, கோவிச்சுக்க மாட்டேன்," என்றாள் நோன்னா. குரலில் குற்றம் சாட்டல் ஏதும் இல்லை. நோயாளி வைத்தியனிடம் கேட்பது போல இருந்தது. "எத்தன நாளு பாத்தீங்க?"

வருடம் முழுக்க. ஒவ்வொரு நாளும். நனைத்ததை, மென்றதை, விரலில் ஒட்டியதை நக்கியதை. எல்லாவற்றையும் தெர்முத்தி பார்த்திருந்தாள். பார்த்துத் தன் பாதி ரொட்டியை இனிக்க இனிக்கத் தின்றிருந்தாள்.

"அன்னிக்கு ஒருநாள்தான்," என்றாள்.

நோன்னாவின் தோள்கள் இறங்கின. முகம் தெளிந்தது. "ஒருநாள்தான," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஒருநாள் போனாப் போவுது." அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கொஞ்சம் பிரித்துவிடுங்கள் அக்கா, இங்கே வந்து பெருத்துவிட்டேன் என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

அதற்குப் பிறகு தெர்முத்தி தைத்தாள். இடுப்பைப் பிரித்து இரண்டு பக்கமும் துண்டு வைத்தாள். அந்தக் கருத்த இடங்களின் மேல் தையல் வராதபடி பார்த்துக்கொண்டாள். துவைக்கவும் இல்லை. துவைக்காமல் வெயிலில் மட்டும் போட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அம்மா திதிமேயின் அறை வாசல்வரை போனாள். அம்மா கால்களைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னம்மா என்று கேட்டார். பொய் சொன்னேன் என்ற இரண்டு வார்த்தைகளை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றாள் தெர்முத்தி. வந்தது வேறு. பந்தியில் உப்பு குறைகிறது என்றாள்.

"உப்பு ஒம் பொறுப்பில்லையே," என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"வேற எதுனா இருக்கா?"

தொட்டியில் அம்மாவின் கால்விரல்கள் அசைந்தன. தண்ணீர் கலங்கித் தெளிந்தது. இல்லையம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் அம்மா இளைக்கும் சத்தம் அவள் முற்றத்தைத் தாண்டும்வரை கேட்டது. பயம் எதைப் பற்றி என்று அவளுக்கே விளங்கவில்லை. படகில் ஏற்றிவிடுவார்கள் என்பது இல்லை, தன் மூட்டை அலமாரியிலிருந்து இறங்குவதும் இல்லை. பதினான்கு வருடம் பாதி ரொட்டியோடு இருந்தவள் என்று யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் இனி தெரியப்போவது இது ஒன்றுதான்: மற்றவள் தட்டைப் பார்த்தவள். வேறு எதுவும் அவளைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

ஞாயிறு காலை படகு வந்தது. அப்பா பிஹோர் முழங்கால் வலிக்காரர். இரண்டு பேர் பிடித்துத்தான் கரையில் இறக்கினார்கள். பலிபூசை முடிந்தபின் முற்றத்து நிழலில் உட்கார்ந்து அம்மா சொன்னதைக் கேட்டார். நாற்பது பேரும் நின்றார்கள். அவர் நோன்னாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"காத்துல வெலகினதுதான? நிச்சயமாத் தெரியுமா?"

"அவ அப்பிடித்தான் சொன்னா, அப்பா," என்றார் அம்மா.

கிழவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, பந்தி முடியட்டும், வெறும் வயிற்றோடு யாரையும் படகில் ஏற்ற வேண்டாம், சொல்ல வேண்டியது ஏதாவது யாருக்காவது இருந்தால் அதற்குள் சொல்லட்டும் என்றார். ஆண்கள் அங்கே சாப்பிடுவதில்லை. அவர் துறைக்குப் போய்ப் படகின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். சிவப்பு அங்கி இருந்த மூட்டையை வாயிற்கதவின் ஓரமாகத் தெர்முத்திதான் கொண்டுபோய் வைத்தாள்.

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நோன்னா வழக்கமான இடத்தில், இடப்பக்கம். முக்காடுகள் இறங்கின. தெர்முத்தி கூடைக்குள் கைவிட்டாள். விரலில் பட்டது வட்டம் இல்லை. ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் ஒடிந்த பாதி. இன்னும் துழாவினாள், எல்லாமே பாதிகள். பண்டசாலைக்காரி பாய்க்கு அடியில் கிடந்த பழையதை முதலில் கொண்டுவந்திருக்கிறாள். பழையது முன்னால் தீர வேண்டும், அதுதான் முறை. தெர்முத்தி ஒன்றை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் வைத்தாள். பதினான்கு வருடமாக அவளுடைய அளவு அதுதான், ஒரு பாதி. அது ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊறி ஓரம் பிரிந்து மிதந்தது. கையை அதில் வைக்க முடியவில்லை. சுற்றிலும் மெல்லும் சத்தம். வெளியே துறையில் படகுக்காரன் துடுப்பைக் கழுவும் சத்தம்.

இரண்டு கைகளாலும் முக்காட்டைப் பிடித்து, தலைக்குப் பின்னால் முழுதாகத் தள்ளினாள்.

ஒருவரும் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது முக்காடுகள் கவிழ்ந்திருந்தன. தெர்முத்தி அவர்களுடைய தட்டுகளைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பந்தியில் பேசிப் பழக்கமில்லாத தொண்டை அது. விரலை மடக்கி மேசையில் தட்டினாள்.

வலப்பக்கமிருந்து தாபெஸின் கை உப்பை நகர்த்தி வைத்தது. மறுபடி தட்டினாள். எதிரிலிருந்து ஒலிவக்காய்த் தட்டு வந்தது. மறுபடி தட்டினாள். தண்ணீர்க் குடுவை வந்தது, கீரை வந்தது. யாரும் முக்காட்டைத் தூக்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மேசையில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் சேர்ந்துகொண்டிருந்தது. திறந்த முகத்தில் வாசல் வெயில் பட்டுக் கண் கூசியது. அம்மா திதிமேயின் ஒற்றைத் தட்டு இன்னும் வரவில்லை. வந்தால் எல்லா முகமும் நிமிரும், காற்றில்லாமலே திறந்த இந்த முகத்தைப் பார்க்கும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இடப்பக்கம் ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. இந்தமுறை யாருடைய தட்டலுக்கும் காத்திராமல், அறை முழுக்கக் கேட்கும்படி. ஏற்கெனவே பாதியாக இருந்ததை மறுபடி ஒடித்த கால் ரொட்டி ஒன்றை, வெளுத்து வெடித்த அந்தப் பருத்த கை மேசைமேல் தள்ளிக்கொண்டு வந்து தெர்முத்தியின் கிண்ணத்தருகே வைத்தது. தன் வளைந்த முதுகின்மேல் அந்தத் துண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. ஆட்டம் அடங்கட்டும் என்பதுபோல அந்தக் கை அங்கேயே, ஒரு விரல் தள்ளி, காத்துக்கொண்டிருந்தது.